பழைய பாய்மர வள்ளத்தைச் சீர்செய்வது: பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் எட்டு வேலை இருக்கிறது

மாமாவின் வள்ளம் என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், ராமநாதபுரம் போய் நீல பெயிண்ட் இரண்டு டப்பா வாங்கி வந்தது. 24 அடிப் பலகை வள்ளம். அடித்து முடித்து இறக்கியபோது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பதினைந்தே நாளில், வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்.

அதற்கப்புறம் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் பழைய வள்ளம் வாங்கிய பையன்கள் சிலருக்குக் கூடமாட நின்றிருக்கிறேன். யாருமே வேலை தெரியாமல் தடுமாறவில்லை, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது என்று தெரியாமல்தான் தடுமாறினார்கள். அதனால் இதை வரிசைப்படியே எழுதுகிறேன். இது மரப்பலகை வள்ளத்துக்கு மட்டும். ஃபைபர் வள்ளத்தின் சங்கதி வேறு.

1. நாள் குறிப்பது

மாசி பிறந்ததும் கரையேற்றுங்கள், சித்திரைக்குள் இறக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, பலகை காயாது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் அப்பிவிடும். சித்திரை வெயிலோ பலகையைப் பிளந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது, ஆனால் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் மராமத்துக்குக் கரையேறும். ஓடாவி (வள்ளத் தச்சர்), பெயிண்டர், வெல்டர் யாருமே உங்கள் போனை எடுக்க மாட்டார்கள். மாசியில் கேட்டால் அதே ஓடாவி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குமுறும்போது தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) அடங்கிக் கிடக்கும், கச்சான் காலத்தில் நேர்மாறு. வேலை தள்ளிப்போய்க் காலம் மாறிவிட்டால், எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கமாக இறக்குங்கள்.

2. கரையேற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதி வேலையில் சாமான் வாங்க ஓடுவதுதான் வள்ளத்தைக் கெடுக்கும். நீங்கள் டவுனுக்குப் போய் வரும் மூன்று நாளும் பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

முட்டுக்கொடுக்கப் பனங்கட்டை, பந்தலுக்குக் கிடுகு, பழைய சாக்கு பத்துப் பன்னிரண்டு. கலப்பத்து (பலகை இடுக்கில் திரி அடைக்கும் வேலை) உளி, கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), குத்தூசி, சின்னச் சுத்தியல், சாக்பீஸ். முறுக்காத பருத்தித் திரி, குங்கிலியம், புன்னை எண்ணெய். ஆணி என்றால் செம்பு ஆணி, இல்லாவிட்டால் கனமாகத் துத்தநாகம் ஏற்றிய இரும்பு ஆணி. நல்ல தண்ணீருக்கு முன்கூட்டியே லாரிக்காரரிடம் சொல்லிவையுங்கள், நம் மாவட்டத்தில் அது கடைசி நேரத்தில் கிடைக்கிற சாமான் இல்லை.

பெயிண்டை மட்டும் இப்போது வாங்காதீர்கள். கையில் இருந்தால் அடிக்கத் தோன்றும்.

3. கரையேற்றி முட்டுக்கொடுப்பது

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறும் நேரம் பாருங்கள். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது, ஆனாலும் அந்த ஒரு சாண் உயரம் பத்து ஆள் இழுவையை மிச்சப்படுத்தும். பாய்மரம், பருமல் (பாயைத் தாங்கும் மூங்கில்), நங்கூரம், அடித்தளப் பலகை எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலி வள்ளமாக இழுங்கள்.

வள்ளத்தின் முதுகெலும்பான ஏராவுக்கு அடியில் மூன்று இடத்திலாவது கட்டை கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் கொடுத்தால் பழைய வள்ளம் நடுவில் தொய்ந்துவிடும், தொய்ந்த ஏரா திரும்ப நிமிராது. பக்கவாட்டு முட்டு உள்ளே வங்கு (விலா எலும்பு மாதிரி இருக்கும் கட்டை) இருக்கும் இடத்துக்கு நேராக நிற்கட்டும். இரண்டு வங்குக்கு நடுவில் பலகையில் முட்டினால், வள்ளத்தின் பாரம் அந்த ஒற்றைப் பலகையைக் குழித்துவிடும்.

அணியத்தை நாலு விரல் தூக்கி வையுங்கள். கழுவுகிற தண்ணீர் தானாகப் பின்பக்கம் ஓடி வடிகால் துளை வழியாகப் போய்விடும்.

அன்றைக்கே பந்தல் போடுங்கள். "நாளைக்குப் போட்டுக்கலாம்ணே" என்று சொன்ன ஒரு தம்பி நான்கு நாள் கழித்துப் போட்டான். அதற்குள் தென்பக்கப் பலகை இரண்டும் விலகி, இரண்டு பலகை சேரும் பொருத்து வழியாக அந்தப்பக்க வெளிச்சம் தெரிந்தது.

4. முதல் நாளே சுரண்டுங்கள்

அடிப்பலகையில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரான கொட்டலசு ஈரமாக இருக்கும்போது தட்டினால் உதிரும். ஒரு நாள் காய்ந்துவிட்டால் சிமெண்ட்தான், அப்புறம் உளியை எடுத்துப் பலகையையும் சேர்த்துச் செதுக்குவீர்கள். இரும்புச் சுரண்டியை விடப் பனை வைரத்தில் சீவிய தட்டைக் கட்டை நல்லது. கொட்டலசைப் பெயர்க்கும், மரத்தைக் கிழிக்காது.

சுரண்டி முடித்ததும் உள்ளும் வெளியும் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புப் படிந்த மரத்தில் பெயிண்ட் அடித்தால் அடியில் ஈரம் தங்கிக் கொப்புளம் எழும்பும். என் நீல பெயிண்டுக்கு நடந்தது அதுதான். தண்ணீர் காசு என்று கையைச் சுருக்கினால் பெயிண்டில் கொடுக்க வேண்டியிருக்கும்.

5. ஒழுக்கைக் கண்டுபிடிப்பது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பலகை இன்னும் ஊறியிருக்கும்போதே செய்ய வேண்டும், காய்ந்த பிறகு பார்த்தால் எல்லாப் பொருத்தும் ஒழுகும், எது நிஜமான ஒழுக்கு என்று தெரியாது.

அடியை நன்றாகத் துடைத்துவிட்டு, உள்ளே ஆறேழு குடம் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து ஊற்றுங்கள். கீழே படுத்துக்கொண்டு நீலம் கசியும் இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆர்வக்கோளாறில் பாதி வள்ளம்வரை நிரப்பிவிடாதீர்கள். கடலில் வெளித்தண்ணீர் பலகையைத் தாங்கும், கரையில் தாங்க ஆளில்லை, பொருத்து விட்டுவிடும்.

அடுத்து சுத்தியல். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீர் என்று பேசும், உளுத்த மரம் தொப்பென்று சத்தம் போடும். சந்தேகப்பட்ட இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்துங்கள், எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அதுவும் வட்டத்துக்குள்.

புதியவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதியையே துருவிப் பார்ப்பார்கள். பழைய வள்ளத்தில் அதிகம் மக்குவது மேலே. உப்புநீரில் ஊறிய மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை அவ்வளவாகப் பிடிக்காது. மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் பிடிக்கும்: பாய்மரம் உட்காரும் குழி, அணியத்தின் உள்மூலை, விளிம்புப் பலகையின் அடிப்பக்கம், வங்குக்குப் பின்னால் குப்பை அடைந்த சந்து. முதலில் அங்கே குத்திப் பாருங்கள்.

தண்ணீருக்கு அடியில் வேறு எதிரி, கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். வெளியே குண்டூசித் துளை அளவுதான் தெரியும், உள்ளே சுண்டுவிரல் நுழையும் சுரங்கம், சுற்றிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. சின்னத் துளைதானே என்று மெழுகால் அடைத்துவிட்டுப் போனால், பலகை உள்ளே வடை மாதிரி இருக்கும். மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் வளைந்து வளைந்து போனால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

ஆணித் தலையைச் சுற்றிக் கறுத்து, விரலால் அழுத்தினாலே மரம் மெத்தென்று இருந்தால் உள்ளே ஆணியைத் துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். அதையும் வட்டம் போடுங்கள்.

எல்லா வட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையில் சாக்பீஸ் அழிந்துவிடும்.

6. காயும் நாட்களில் பாய், பருமல், கயிறு

இப்போது மரம் நிழலில் 10 முதல் 15 நாள் காய வேண்டும். மேல் ஈரம் போனால் போதும், எலும்பாகக் காயக் கூடாது. மதிய வெயில் சாயும் பக்கத்தில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். இந்த நாட்களில் கை சும்மா இருந்தால் மறுபடி பெயிண்ட் ஞாபகம் வரும், அதனால் பாய் வேலையை எடுங்கள்.

பாயை மணலில் விரித்து முதலில் தையலைப் பாருங்கள். வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் செத்துப்போகும். நகத்தால் கீறினால் நூல் பொடியாக உதிர்ந்தால், கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அந்த வரிசை முழுக்க பாலியஸ்டர் நூலால் மறுதையல் போட வேண்டும். துணியே செத்திருந்தால் இரண்டு கையாலும் இழுத்தாலே தெரிந்துவிடும். மூலைகளுக்குக் கூடுதலாக ஒரு மடிப்பு வைத்துத் தையுங்கள், காற்றின் முழு இழுவையும் அங்கேதான் விழும்.

பருமல் மூங்கிலைக் கணுக்கணுவாகத் தட்டிப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு என்றால் நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி ஒரு வருஷம் ஓட்டலாம். கணுவில் குறுக்கே வெடிப்பு என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், அது நடுக்கடலில்தான் ஒடியும்.

கயிறு விஷயத்தில் ஒரே சுருளை வாங்கி எல்லாவற்றுக்கும் போடுவதுதான் வழக்கமான தப்பு. பருமலை ஏற்றும் கயிறான ஆஞ்சானுக்கு நைலான் போட்டால் காற்றில் நீண்டு, ஏற்றிய பருமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும், பாய் தொளதொளவென்று நிற்கும். ஆஞ்சானுக்கும், பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமானுக்கும் பாலியஸ்டர் கயிறு. நீளுகிற நைலான் நங்கூரத்துக்குத்தான் சரி, அலை இழுக்கும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். பழைய ஆஞ்சான் கப்பி உரசும் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் தலைகீழாகத் திருப்பிக் கட்டுங்கள், தேய்மானம் வேறு இடத்துக்குப் போய்விடும், இன்னொரு வருஷம் வரும்.

7. மர வேலை

பெரிய பலகையும் வங்கும் ஓடாவியின் வேலை, நாம் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். சின்ன ஒட்டுகளை நாமே செய்யலாம்.

மக்கிய இடத்தைத் தாண்டி நல்ல மரம் வரும்வரை வெட்டுங்கள். ஓரமாகக் கொஞ்சம் மக்கலை விட்டுவைத்தால் அது புது மரத்துக்கும் பரவும். ஒட்டுக்கு முடிந்தவரை அதே மரம்: அயினிக்கு அயினி, வேம்புக்கு வேம்பு. வேறு மரம் வேறு அளவில் ஊதும், பொருத்து விலகும். ரேகை ஓடும் திசையும் ஒத்திருக்க வேண்டும். சாய்வாக இணைப்பதானால் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வு கொடுங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு எட்டு அங்குலம்.

பழைய ஆணித் துளையிலேயே புது ஆணியை அடிக்காதீர்கள், பிடிக்காது. மரக் குச்சி அடித்து அடைத்துவிட்டு இரண்டு விரல் தள்ளித் துளைபோட்டு அடியுங்கள். துளை போடாமல் அடித்தால் பழைய பலகை பிளக்கும்.

"துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ போடலாமே" என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீருக்கு மேலே போடுங்கள். கீழே வேண்டாம். காற்றுப் படாமல் ஈர மரத்துக்குள் புதைந்து கிடந்தால் அந்த ஸ்டீலும் அரிக்கும், வெளியே தலை பளபளவென்று இருக்க உள்ளே கழுத்து அறுந்திருக்கும். செம்பையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் அடிப்பதும் கூடாது, உப்புநீரில் செம்பு இருக்க இரும்பு கரையும்.

அடுத்து ஃபைபர். "எதுக்குண்ணே இவ்வளவு பாடு, மேலே ஒரு கோட் ஃபைபர் ஒட்டிரலாம்ல?" புதிதாகக் கட்டி நன்றாகக் காய்ந்த மரத்துக்கு அது சரி. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த, உள்ளே ஈரமுள்ள பழைய பலகையில் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. ஒட்டினாலும் மரம் ஊதிச் சுருங்கும்போது பெயரும், பெயர்ந்த சந்தில் தண்ணீர் நின்று, வெளியே தெரியாமல் மரத்தை மக்கடிக்கும். அப்படி ஒட்டிய ஒரு வள்ளத்தை இரண்டு வருஷம் கழித்து உரித்தோம். உள்ளே இருந்ததைக் கூடையில்தான் அள்ளினோம்.

8. கலப்பத்து

மர வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் இது. முதலிலேயே கலப்பத்து அடித்துவிட்டு அப்புறம் பக்கத்துப் பலகையில் ஆணி இறக்கினால், அந்த அதிர்ச்சியில் திரி நகர்ந்துவிடும்.

பழைய திரியைக் கொக்கியால் இழுத்து எடுங்கள். நன்றாக இறுகிப் பிடித்திருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். பொருத்தை அகலப்படுத்தாதீர்கள், மெஷின் வைத்து அறுக்கவே அறுக்காதீர்கள். பொருத்து உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்தும் இருக்க வேண்டும், திரியைத் தாங்குவது அந்த உள்பக்க இறுக்கம்தான். அறுத்து நேராக்கிவிட்டால் திரி உள்ளே விழுந்துவிடும்.

திரி வைக்கும் முன் பொருத்துக்குள் எண்ணெய் ஒரு கை தடவுங்கள். காய்ந்த மரம் குங்கிலியப் பூச்சிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் பூச்சு வெடிக்கும்.

திரியைத் தளர்வாக முறுக்கி, சின்னச் சின்ன மடிப்பாக உள்ளே தள்ளி, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் சீராகத் தட்டிக்கொண்டே போங்கள். ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரி, மிச்சம் பூச்சுக்கு. பையன்கள் எல்லோரும் செய்வது, பலம் இருக்கிறதென்று ஓங்கி அடிப்பது. பலகை கடலில் ஊறி ஊதும், அந்த ஊதலுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். இடமில்லாமல் இறுக்கிவிட்டால் பலகை வங்கிலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். காதை வைத்துக் கேளுங்கள். மெத்தென்ற சத்தம் மெல்ல மாறிக் கட்டையில் தட்டுவது போல் ஆனதும் நிறுத்துங்கள்.

குங்கிலியப் பொடியை எண்ணெயில் சிறு தீயில் கரைப்பதைக் கரையில் காற்று மறைவாக, பந்தலிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு சட்டி மணல் இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பதம் பார்க்கச் சொட்டு எடுத்து ஆறவிட்டு விரலால் வளையுங்கள். ஒட்டாமலும் வெடிக்காமலும் வளைந்தால் சரி. வெடித்தால் எண்ணெய் போதவில்லை, பிசுபிசுத்தால் குங்கிலியம் போதவில்லை.

9. எண்ணெய், அதற்கப்புறம் பெயிண்ட்

உள்பக்கம் எண்ணெய் மட்டும் போதும். இரண்டு பக்கமும் பெயிண்டால் மூடிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. மழைத்தண்ணீர் தேங்கும் மூலைகளுக்கு இரண்டு கை அதிகம் கொடுங்கள்.

வெளியே பிரைமர், அதன் மேல் இரண்டு கோட். காலைப் பனி ஈரம் போன பிறகு, கடற்காற்று எழும்பும் முன் அடித்துவிடுங்கள். பதிவு எண்ணை முதலில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் மேலே அடியுங்கள், எழுத்தை அதே அளவில் திரும்ப எழுத வேண்டும்.

கொட்டலசு பிடிக்காத செம்பு பெயிண்ட் வேண்டுமா என்று கேட்டால், வள்ளம் எங்கே தூங்குகிறது என்று திருப்பிக் கேட்பேன். தினமும் மணலில் ஏற்றி வைக்கிறீர்கள் என்றால் வேண்டாம், மணல் உரசியே பெயிண்ட் போய்விடும், கரையில் காய்கிற வள்ளத்தில் கொட்டலசும் அதிகம் ஏறாது. தண்ணீரிலேயே கட்டிப்போடுகிறீர்கள் என்றால் அவசியம், கொட்டலசுக்காக மட்டுமில்லை, கப்பல் புழு நுழையாமலிருக்கவும்தான். இரும்பு ஆணித் தலைகளைப் பூச்சாலும் பிரைமராலும் மூடிய பிறகுதான் செம்பு பெயிண்ட் படவேண்டும். அடித்தபின் எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும், அதை மதியுங்கள். எங்காவது பழைய சரக்காக டின் (வெள்ளீயம்) கலந்த பெயிண்ட் கிடைத்தால் தொடாதீர்கள். சிப்பி, சங்கு இனங்களைக் கெடுக்கிறது என்று 2008 முதல் உலக அளவில் தடை செய்யப்பட்டது, நாம் நிற்பதோ மன்னார் வளைகுடாப் பவளத் தீவுகளின் வாசலில்.

10. இறக்குவதற்கு முன் சின்ன மேம்பாடுகள்

காசு குறைவு, பலன் அதிகம் என்றால் முதல் இடம் வங்குகளுக்கு அடியில் இருக்கும் நீர்வழித் துளைகளுக்கு. அவை அடைத்தால் தண்ணீர் ஒவ்வொரு வங்குக்கும் நடுவில் தனித்தனிக் குளமாக நிற்கும், இறைக்க வராது. துளைகளைச் சுத்தம் செய்து எல்லாவற்றிலும் ஒரே மெல்லிய கயிற்றை முன்னிருந்து பின்வரை கோத்து விடுங்கள். வாரம் ஒருமுறை அந்தக் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தால் அடைப்பு விட்டுப்போகும்.

பருமலும் பாய்மரமும் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். பாயில் குறுக்கே ஒரு வரிசை சுருக்குக் கயிறு வைத்துத் தைத்தால், காற்று மிஞ்சும்போது இறக்காமலே பாயைச் சுருக்கலாம். போட்டிக்கு ஓட்டுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சுக்கான் கொளுக்கி தேய்ந்து ஆடினால் இப்போதே மாற்றுங்கள். சோலார் விளக்கு வைப்பதானால் வயர் இணைப்புகளைப் பாதி உயரத்துக்கு மேலேயே வையுங்கள், அடியில் வைத்த இணைப்பு ஒரே மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

11. இறக்கி ஊறப்போடுவது

இறக்கும் நாளிலேயே பாய் ஏற்றி ஓடக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில், பாரம் எதுவும் ஏற்றாமல் கட்டிப்போடுங்கள்.

ஒழுகும். முதல் மணி நேரத்தில் பயமுறுத்துகிற அளவுக்கு ஒழுகும். ஒரு தம்பி அந்தப் பயத்தில் அன்று சாயங்காலமே திரும்பக் கரையேற்றி, எல்லாப் பொருத்திலும் இன்னும் ஒரு திரி அடித்தான். மறுபடி இறக்கி ஊறியதும் இரண்டு பலகை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. பலகை ஊத இரண்டு மூன்று நாள் ஆகும், விட்டுவிடுங்கள்.

காலையும் மாலையும் எத்தனை வாளி இறைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நாற்பது, பதினைந்து, ஐந்து என்று இறங்கிக்கொண்டே வந்தால் வேலை சரி. மூன்றாம் நாளும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், போனில் எடுத்த வட்டங்களைத் திறந்து பாருங்கள், அவற்றில் ஒன்றை விட்டிருப்பீர்கள்.

எண்ணிக்கை நின்றபிறகு, காற்று எழும்புவதற்கு முந்தைய விடிகாலையில், பாயைச் சுருக்கிக் கட்டி, கரை கண்ணில் தெரியும் தூரத்துக்குள் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். திரும்பியதும் ஆஞ்சான் முடிச்சு, சுக்கான் கொளுக்கி, பாய்மரக் குழி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். புதிதாக இறுக்கியதெல்லாம் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், அங்கேயே இறுக்கிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்கள்.